ஆறு பிறக்கும் மலையில் ஒரு நடைப்பயணம்



ஜெராம் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் மலை என்றால் என்ன என்று கேட்டால், பெரும்பாலும் அவர்கள் கோல சிலாங்கூரில் உள்ள புக்கிட் மலாவத்தியைத்தான் சொல்வார்கள். கலங்கரை விளக்கமும் பழைய பீரங்கிகளும் சாம்பல் நிறக் குரங்குகளும் உள்ள அந்த மேட்டை ஐந்து நிமிடத்தில் ஏறி முடித்துவிடலாம். அதைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. நம் நிலம் அப்படிப்பட்டது. மேற்கே சேற்றுக்கரை, அதையடுத்து வாய்க்கால் வெட்டி வடித்த தாழ்நிலம், அதற்கப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனை. மழை பெய்து ஓய்ந்த அதிகாலையில் மட்டும் கிழக்கே நீலக்கோடு ஒன்று தெரியும். "சார், அது மேகமா மலையா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். அது தித்திவாங்சா மலைத்தொடர். தீபகற்பத்தின் முதுகெலும்பு என்று பூகோளப் பாடத்தில் படிக்கிறோமே, அதேதான்.

அந்த நீலக்கோட்டுக்கும் நமக்கும் உறவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கோல சிலாங்கூரில் கடலில் கலக்கும் சிலாங்கூர் ஆறு அங்கேதான் பிறக்கிறது. பிரேசர் மலையைச் சூழ்ந்த காடுகளில் ஊறும் சிற்றோடைகள் கோலகுபு பாருவுக்கு அருகில் ஒன்றுகூடி, நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, நம் ஊர்ப்பக்கம் செம்மண் நிறத்தோடு வந்து சேர்கின்றன. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுபோல் மின்னி மின்னி அணைகின்றன அல்லவா? அவை வாழ்வதற்குக் கடலின் உப்பு நீரும் மலையின் நன்னீரும் ஒரு கணக்கில் கலந்திருக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் நீரில் பாதிக்கும் மேற்பட்டது இந்த ஆற்றுப் படுகையிலிருந்துதான் செல்கிறது. ஆகவே சில ஆண்டுகளுக்கு முன், ஆறாம் ஆண்டு மாணவர்களை எங்கே அழைத்துச் செல்லலாம் என்ற பேச்சு எழுந்தபோது, கடைத்தொகுதிகளையும் நீர் விளையாட்டுப் பூங்காக்களையும் விட்டுவிட்டு, ஆறு பிறக்கும் இடத்தைக் காட்டுவோம் என்று நாம் சொன்னோம். அந்தப் பயணத்தைப் பற்றியும், அதில் நாம் செய்த ஒரு பிழையைப் பற்றியும், அதன்பின் கற்றுக்கொண்டவற்றைப் பற்றியும் இன்று பேசலாம் என்று எண்ணுகிறோம்.

முதலில் சாலையைப் பற்றிச் சொல்லிவிடுவோம். பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டிக் கிழக்கே போய், ராசாவைக் கடந்தால் கோலகுபு பாரு வரும். 'பாரு' என்றால் புதியது. அப்படியானால் பழைய ஊர் எங்கே? அதுவும் அருகில்தான் இருக்கிறது. அதன் பெயர் இன்று அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை. 1883ஆம் ஆண்டு அங்கிருந்த பழைய அணை உடைந்து, வெள்ளம் ஊரை அடித்துச் சென்றது. அவ்வட்டார அதிகாரியாயிருந்த செசில் ரேங்கிங் என்ற ஆங்கிலேயரும் அதில் மாண்டார். பிற்காலத்தில் ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த வண்டலால் ஆறு மேடிட்டு, வெள்ளம் அடிக்கடி ஊருக்குள் புகுந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, 1930ஆம் ஆண்டையொட்டி ஊரையே உயரமான இடத்துக்கு மாற்றினார்கள். மலையிலிருந்து வரும் நீருக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கோலகுபு பாருவிலிருந்து மலைச்சாலை தொடங்குகிறது. சற்று தூரத்தில் சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டின் நீர்ப்பரப்பு வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறித் தென்படும். பிறகு வளைவுகள். ஒரு வளைவு முடியுமுன் அடுத்தது தொடங்கும். பேருந்தில் வந்த நம் பிள்ளைகளில் பாதிப்பேர் புளிப்பு மாங்காயை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் மலைத்தொடரின் ஒரு கணவாயை அடைகிறோம். அதற்குக் கேப் என்று பெயர். இப்பக்கம் சிலாங்கூர், அப்பக்கம் பகாங். சாலை மேற்கொண்டு ரவூப்புக்குப் போகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பகாங்கின் உட்பகுதிக்கு வண்டிப்பாதை வேண்டுமென்று போட்ட சாலை இது. அக்காலத்தில் இந்நாட்டின் சாலைப் பணியிலும் இரயில் பணியிலும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பெருமளவில் உழைத்தார்கள் என்பதை நேயர்கள் அறிவீர்கள். இச்சாலைக்கு இன்னொரு சோகக் கதையும் உண்டு. அவசரகாலத்தின்போது, 1951ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், பிரேசர் மலைக்குச் சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி, இங்கேதான் மறைந்திருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கேப்பிலிருந்து மேலே பிரேசர் மலைக்குச் செல்லும் பழைய சாலை எட்டு கிலோமீட்டர் நீளம். ஒரு வண்டி போகத்தான் இடம். அதனால் ஒரு மணி நேரம் ஏறும் வண்டிகளுக்கும், அடுத்தது இறங்கும் வண்டிகளுக்கும் என்று கதவு வைத்து நேரம் பிரித்திருந்தார்கள். பின்னர் இரண்டாவது சாலை ஒன்று திறக்கப்பட்டது. மண்சரிவால் அது நீண்ட காலம் மூடிக்கிடந்ததும் உண்டு. போகுமுன் எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த முறை நடப்பில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு புறப்படுவதே நல்லது.

பிரேசர் என்பவர் யார் என்று மாணவர்கள் கேட்டார்கள். லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1890களில் இம்மலையில் ஈயம் தேடியவர். கோவேறு கழுதைகளின் மேல் தாதுவை ஏற்றி மலையைக் கடத்தியவர். பிறகு அவர் எங்கே போனார் என்பது புதிராகவே இருக்கிறது. சில ஆண்டுகளுக்குப் பின் அவரைத் தேடி வந்ததாகச் சொல்லப்படும் சிங்கப்பூர்ப் பேராயர், ஆளைக் காணாமல், மலையின் குளுமையைக் கண்டு, வெள்ளைக்கார அதிகாரிகள் ஓய்வெடுக்க ஏற்ற இடம் என்று எழுதினாராம். 1919இல் வேலை தொடங்கி 1922இல் மலைவாசத்தலம் திறக்கப்பட்டது. "காணாமப் போனவரைத் தேடப்போயி ஊரு கட்டிட்டாங்களா?" என்று ஒரு மாணவி கேட்டாள். வரலாற்றுப் பாடத்தை இவ்வளவு சுருக்கமாக நாம் சொல்லியதில்லை.

பேருந்தை விட்டு இறங்கியதும் பிள்ளைகள் செய்த முதல் காரியம், வாயைத் திறந்து புகை விட்டுப் பார்த்ததுதான். அவ்வளவு குளிர் அங்கே கிடையாது. ஆனால் ஜெராமில் 32 பாகை வெப்பத்தில் புறப்பட்டவர்களுக்கு 23 பாகை என்பது பனிக்காலம். உயரம் போனால் ஏன் குளிர்கிறது? சூரியனுக்கு அருகில் போகிறோமே, சுட வேண்டாமா? இந்தக் கேள்வியை ஆண்டுதோறும் ஒரு மாணவன் கேட்பான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை நெருக்கினால் சூடாகும். டயரின் வால்வைத் திறந்து காற்றை வெளியே விட்டால் விரல் குளிரும். விரிந்தால் குளிரும். தரையில் உள்ள காற்று, தன் தலைமேல் உள்ள காற்றின் பாரத்தால் நெருக்குண்டு கிடக்கிறது. அது மலையோரமாக மேலே ஏறும்போது பாரம் குறைகிறது, விரிகிறது, குளிர்கிறது. சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு ஆறு அல்லது ஆறரை பாகை குறையும். பிரேசர் மலை ஏறத்தாழ 1,200 முதல் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. கணக்கைப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். அப்படிக் குளிர்ந்த காற்று தன்னிடமுள்ள ஈரத்தைத் தாங்க மாட்டாமல் மேகமாக்கி விடுகிறது. நமக்குக் கீழேயிருந்து பார்த்தால் அது மேகம். உள்ளே நின்று பார்த்தால் மூடுபனி. இந்த மூடுபனிதான் நம் கதையில் பிறகு வரப்போகிறது.

காடும் உயரத்துக்கு ஏற்ப மாறுகிறது. அடிவாரத்தில் மெராந்தி போன்ற நெடுமரங்கள் நூறடிக்கு மேல் கிளையின்றி நிமிர்ந்து நிற்கும். ஆயிரத்து இருநூறு மீட்டரைத் தாண்டினால் கருவாலி இனங்களும் இலவங்கத்துக்கு உறவான மரங்களும் மிகுதி. மரங்கள் குட்டையாகின்றன. அடிமரத்தில் பாசி படர்கிறது. மரப்பெரணி குடைபோல் விரிகிறது. முகடுகளில் குடுவை தொங்கும் செடிகளைக் காணலாம். அந்தக் குடுவைக்குள் விழுந்த எறும்பைச் செடி கரைத்து உண்கிறது. மண்ணில் சத்துக் குறைவு, அதனால் செடி தன் உணவை வேறு வழியில் தேடிக்கொள்கிறது. கிப்பன் இனத்தில் பெரியதான சியாமாங் காலையில் குரலெழுப்பினால் மலைக்கு மலை எதிரொலிக்கும். முதலில் கேட்ட நம் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். கேப் பக்கத்தில் கொண்டை வளைந்த இருவாய்ச்சிப் பறவைகள் பறக்கும்போது, இறக்கை காற்றை வெட்டும் ஓசை நீராவி வண்டி போவதுபோல் இருக்கும்.

பிரேசர் மலையில் பல நடைபாதைகள் உள்ளன. ஹெம்மன்ட் பாதை, பிஷப் பாதை முதலியவை சிறியவை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். பைன் ட்ரீ பாதை என்பது வேறு வகை. 1,448 மீட்டர் உயரமுள்ள பைன் ட்ரீ குன்றுக்குப் போகவர ஒரு முழுப்பகல் வேண்டும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய இடமும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஏற்றதன்று. நாம் சிறிய பாதைகளுள் ஒன்றையே தேர்ந்தெடுத்தோம். சிறிய பாதைதானே என்ற எண்ணம்தான் நம்மைக் கெடுத்தது.

இருபத்து மூன்று மாணவர்கள், மூன்று ஆசிரியர்கள். ஒருவர் முன்னே, ஒருவர் நடுவே, நாம் கடைசியில். திட்டம் சரியாகத்தான் இருந்தது. பாதித் தூரம் போனபின் முன்வரிசையில் ஒரு மாணவி வேரில் கால் இடறி விழுந்து அழுதாள். முதலுதவிப் பை நம் தோளில் இருந்தது. நாம் பின்வரிசையை விட்டுவிட்டு முன்னே ஓடினோம். கணுக்காலுக்குக் கட்டுப் போட்டு, தைரியம் சொல்லி, மீண்டும் நடந்தோம். பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும் என்ற நினைவே அப்போது எழவில்லை. மூடுபனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் இருந்தவர்கள் நிழலாகத் தெரிந்தார்கள். ஒரு திருப்பத்தில் நின்று எண்ணினோம். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினோம். இருபத்திரண்டு. நடுவில் வந்த ஆசிரியர் எண்ணினார். அவருக்கும் அதே எண்தான் வந்தது.

நேயர்களே, அந்த நேரத்தில் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று நாம் விவரிக்கப் போவதில்லை. பிள்ளைகளை நம்பி நம்மிடம் ஒப்படைத்த பெற்றோர்கள் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் போய் என்ன சொல்வது?

பெரிய மாணவர்கள் சிலர், "நாங்க ஓடிப்போயி பாத்துட்டு வரோம் சார்" என்று கிளம்பினார்கள். நல்லவேளை, முன்னே வந்த ஆசிரியர் அவர்களைத் தடுத்தார். ஒருவனைத் தேட ஐந்து பேரை அனுப்பினால் ஆறு பேரைத் தேட வேண்டிவரும். எல்லாரையும் அந்த இடத்திலேயே, பாதையின் மேலேயே, உட்கார வைத்தோம். ஒரு ஆசிரியர் அவர்களோடு இருந்தார். மற்ற இருவரும் வந்த வழியே திரும்பினோம். கூப்பிட்டுக்கொண்டே போனோம். காட்டில் மனிதக் குரல் வெகுதூரம் செல்வதில்லை. இலைகளும் பாசி படர்ந்த மரங்களும் பாதையின் வளைவுகளும் அதை விழுங்கிவிடுகின்றன. நம்மிடம் ஒரு விசில்கூட இல்லை. விளையாட்டுத் திடலில் கழுத்தில் தொங்கும் விசில் பள்ளி மேசையின் இழுப்பறையில் இருந்தது.

ஐந்தாறு நிமிட நடைக்குப் பிறகு 'டக், டக், டக்' என்று ஓர் ஒலி கேட்டது. மரங்கொத்தியோ என்று நினைத்தோம். நிற்கும், மறுபடி மூன்று முறை கேட்கும். பக்கத்தில் ஒரு கிளைப்பாதை பிரியும் இடத்தில், ஒரு பெரிய மரத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையில் இருந்த குச்சியால் அதைத் தட்டிக்கொண்டு அந்தச் சிறுவன் நின்றிருந்தான். அவன் சப்பாத்தின் அடிப்பாகம் பிய்ந்து போயிருந்தது. கயிற்றால் கட்டக் குனிந்திருக்கிறான். நிமிர்ந்தபோது யாரும் இல்லை. முன்னால் இரண்டு வழிகள்.

"ஏன்டா கூப்பிடல?" என்று கேட்டோம். முதலில் வந்தது கோபம்தான். அதை மறைப்பானேன்.

"கூப்பிட்டேன் சார், கேக்கல. தாத்தா சொல்லியிருக்காங்க, பனைக்குள்ள வழி தவறுனா நடக்கக்கூடாது, நின்ன எடத்துலயே நின்னு மரத்தத் தட்டணும்னு."

செம்பனைத் தோட்டத்துக்குள் தனியே போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே மாதிரி வரிசை, ஒரே மாதிரி மட்டை, ஒரே மாதிரி வாய்க்கால். மேகமூட்டமான நாளில் இருபது ஆண்டு வேலை செய்தவரே குழம்பிப் போவதுண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடத்தை, பள்ளிக்கூடமே காணாத ஒரு தாத்தா பேரனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதற்கு அறிவியல் ஆதாரமும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு, ஜெர்மனியில் டூபிங்கன் நகரிலுள்ள ஆய்வாளர்கள் சிலரைக் காட்டிலும் சகாராப் பாலைவனத்திலும் நேராக நடக்கச் சொல்லி, அவர்கள் நடந்த தடத்தைக் கருவி கொண்டு பதிவு செய்தார்கள். சூரியன் தெரிந்தவரை ஓரளவு நேராகச் சென்றவர்கள், மேகம் மறைத்ததும் தம்மை அறியாமலே வளைந்து, வட்டமடித்து, தாம் நடந்த தடத்தையே மீண்டும் கடந்தார்கள். நேராகத்தான் போகிறோம் என்று அவர்கள் நம்பிக்கொண்டும் இருந்தார்கள். நம் காட்டில், அதுவும் மூடுபனியில், ஒரு சிறுவன் கிளைப்பாதையில் கால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேடுபவர்கள் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்துதான் தேடத் தொடங்குவார்கள். ஒவ்வொரு நிமிடமும் அவன் அதைவிட்டு விலகிக்கொண்டே போயிருப்பான். நனைந்த பருத்திச் சட்டையோடு ஓர் இரவு அங்கே தங்க நேர்ந்தால், 18 பாகைக் குளிரும் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். பனி பெய்யும் நாட்டில்தான் குளிரால் ஆபத்து என்று எண்ணுவது தவறு. ஈரமும் காற்றும் சேர்ந்தால் போதும்.

அன்றிலிருந்து நாம் கடைப்பிடித்து வரும் முறைகளைச் சொல்கிறோம். கடைசியில் வருபவர் எது நடந்தாலும் கடைசியிலேயே வருவார். முதலுதவிப் பை நடுவில் இருப்பவரிடம். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். விளையாட்டுக்கு ஊதினால் விசில் பறிமுதல். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, கடைசி ஆள் வந்து சேர்ந்தபின்தான் நகர்வோம். எண்ணிக்கையை ஆசிரியர் மட்டும் சொல்வதில்லை, பிள்ளைகளே ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொல்வார்கள். தன் எண்ணுக்கு முன்னவன் குரல் வராவிட்டால் அடுத்தவனுக்கே தெரிந்துவிடும். சப்பாத்தை முதல்நாள் நாமே வளைத்துப் பார்ப்போம். அலமாரியில் நெடுநாள் கிடந்த சப்பாத்தின் பசை நம் நாட்டு வெக்கையில் உலர்ந்து, பார்க்கப் புதிதுபோல் இருந்து, ஈரத்தில் கழன்றுவிடும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கிறதே என்று நம்பி விடக்கூடாது. காட்டுக்குள் ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கும். மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான். ஆகவே புறப்படும்போதே திரும்பும் நேரத்தைக் குறித்துவிட வேண்டும். மறு ஆண்டு ஆசிரியர்கள் மட்டும் சிலராகப் பைன் ட்ரீ பாதையில் நடந்தோம். பகல் பன்னிரண்டரைக்கு எங்கிருந்தாலும் திரும்புவது என்று முடிவு. பன்னிரண்டரைக்கு உச்சி முன்னே தெரிந்தது, கயிறு கட்டிய ஏற்றம் மட்டும் பாக்கி. கூட்டத்தில் இளையவர் ஒருவர், "இன்னும் அரை மணிதானே" என்று மன்றாடினார். திரும்பிவிட்டோம். இரண்டரைக்குக் கொட்டிய மழையில் பாதை ஓடையாயிற்று. அவர் அதற்குப்பின் அதைப்பற்றிப் பேசவில்லை. நாமும் கேட்கவில்லை.

அட்டையைப் பற்றிச் சொல்லாவிட்டால் தாய்மார்கள் கோபிப்பார்கள். மழைக்குப் பின் அட்டை இருக்கும், தவிர்க்க முடியாது. நம் மூச்சுக்காற்றையும் உடற்சூட்டையும் நில அதிர்வையும் உணர்ந்து அது வருகிறது. கடித்த இடத்தில் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைச் செலுத்துவதால், அது விழுந்த பின்னும் சற்று நேரம் இரத்தம் கசியும். பார்க்கப் பயமாக இருக்குமே தவிர ஆபத்தில்லை. வெடுக்கென்று பிடுங்காமல், நகத்தால் வாய்ப்பகுதியைத் தள்ளி எடுத்துவிட்டு, துடைத்து, சுத்தமான துணியை அழுத்திப் பிடித்தால் போதும். நீண்ட காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்து விட்டுக்கொள்வது பாதித் தொல்லையைக் குறைக்கும்.

அட்டையைவிடப் பன்மடங்கு அஞ்ச வேண்டியது தண்ணீர். கேப் சாலையோரத்தில் சீலிங் நீர்வீழ்ச்சிக்குப் போகும் பாதை ஒன்று இருக்கிறது. அதில் ஆற்றை ஐந்தாறு முறை குறுக்கே கடக்க வேண்டும். முழங்கால் அளவு நீர், கூழாங்கல், குளுகுளுவென்று இருக்கும். விடுமுறை நாள்களில் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். ஆனால் மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத மலையில் பெய்த மழை, குறுகிய பள்ளத்தாக்கில் ஒன்றாய்த் திரண்டு, சுவர்போல் இறங்கி வரும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்', அதாவது 'நீரின் தலை' என்பார்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, நீரின் சத்தம் மாறுவது, நீர்மட்டம் கொஞ்சமாவது ஏறுவது ஆகிய இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை எடுக்கப் போகாமல் உடனே கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும். சிலர் நடுவாற்றுப் பாறைமேல் ஏறிக்கொள்வார்கள். அது கரையன்று. ஆற்றைக் கடந்தபின் நீர் பெருகிவிட்டால், அக்கரையிலேயே காத்திருப்பதுதான் வழி. சில மணி நேரத்தில் வடிந்துவிடும். வீட்டில் திட்டுவார்களே என்று இறங்கியவர்கள்தான் அடித்துச் செல்லப்படுகிறார்கள்.

மலையின் மண்ணும் அப்படித்தான். நீரில் ஊறினால் பிடிப்பை இழக்கும். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், பத்தாங் காலியிலிருந்து கெந்திங் மலைக்குச் செல்லும் சாலையோரத்தில், கூடாரம் அமைத்து உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மலைச்சரிவு இறங்கியது. 31 பேர் மாண்டார்கள். பலர் குழந்தைகள். பள்ளி விடுமுறை நாள் அது. அவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. உறங்கினார்கள், அவ்வளவுதான். போம்பா வீரர்கள் நாள்கணக்கில் மண்ணைத் தோண்டினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நம் பள்ளியின் பெற்றோர் பலர், இனி மலைப்பக்கமே பிள்ளைகளை விடமாட்டோம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயமில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அஞ்சி ஒதுங்குவது ஒன்று, அறிந்து நடப்பது இன்னொன்று. தொடர்ந்து பல நாள் மழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள். வெட்டிய சரிவின் அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள், கூடாரம் போடாதீர்கள். சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், முன்பில்லாத இடத்திலிருந்து சேற்றுநீர் கசிவது ஆகியவற்றைக் கண்டால் அவ்விடத்தை விட்டு விலகுங்கள். காப்புக்காட்டு மலைகள் பலவற்றில் ஏற வனத்துறையின் அனுமதி வேண்டும், சிலவற்றுக்கு வழிகாட்டியும் வேண்டும். அனுமதி கேட்பதைத் தொல்லை என்று சலிப்பவர்கள் உண்டு. யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வந்தார்கள் என்ற கணக்கு ஒரு மேசையில் இருப்பது, நாம் இருபத்திரண்டு என்று எண்ணி நின்ற அந்தத் திருப்பத்தில் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நாம்தான் அறிவோம்.

அன்று மாலை கீழே இறங்கும்போது, கேப்புக்குக் கீழே சாலையோரத்தில் பாறையிலிருந்து வழியும் ஒரு சிறு நீர்க்கால் அருகே பேருந்தை நிறுத்தச் சொன்னோம். கைப்பிடி அகலம்தான் இருக்கும். கண்ணாடிபோல் தெளிவு. இதுதான் நம் ஊர் ஆறு என்றோம். யாரும் நம்பவில்லை. நம் ஊர் ஆறு தேநீர் நிறம் அல்லவா? ஒரு மாணவன் காலியான தண்ணீர்ப் புட்டியில் அதைப் பிடித்து வந்தான். வகுப்பறைச் சன்னலில், கோல சிலாங்கூர்ப் பாலத்தடியில் எடுத்த நீரைக் கொண்ட இன்னொரு புட்டியின் பக்கத்தில் அது நெடுநாள் இருந்தது. இடையில் என்னென்ன சேர்ந்தது என்று அந்த ஆண்டு அறிவியல் பாடத்தில் ஒரு மாதம் பேசினோம். மரம் வெட்டிய சரிவின் மண், மணல் எடுக்கும் குழிகள், ஊர்களின் கழிவு, நம் தோட்டத்து வாய்க்கால்கள் எல்லாம் பட்டியலில் வந்தன.

சப்பாத்து பிய்ந்த சிறுவன் இப்போது இடைநிலைப் பள்ளியின் மேல்வகுப்பில் படிக்கிறான். தாத்தா காலமாகிவிட்டார். சென்ற பள்ளி விடுமுறைக்கு முன் பள்ளிக்கு வந்து, இந்த ஆண்டுப் பயணத்துக்குத் தானும் உதவிக்கு வரலாமா என்று கேட்டான். வரலாம், என்ன வேலை வேண்டும் என்றோம்.

"கடைசி ஆளு சார்" என்றான். விசிலும் அவனே வாங்கி வைத்திருந்தான்.